தவழ்ந்த தேதி

ஆகஸ்ட் 14, திங்கள்

முப்பத்திரண்டு வருஷம் நகராட்சி ஆபீஸில் பிறப்பு இறப்புப் பதிவேட்டைக் கட்டி மேய்த்தவள் நான். ஓய்வு பெற்று ஒன்பது மாதம்தான் ஆகிறது. இன்று முதல் எனக்குப் புதுப் பதவி. தம்பி பிள்ளைக்கு ஆயா.

தம்பி ஆவுடையப்பனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. மாதம் இரண்டு முறை அழுக்குத்துணி மூட்டையோடு வருவான். துவைத்ததைத் தூக்கிக்கொண்டு போவான். அவன் பெண்டாட்டி பிரவீணா திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன். ஊரார் பிள்ளைகள் கையில் ஊசியைக் குத்தி ரத்தம் எடுக்கிறவள், ஆறு மாத லீவு முடிந்து கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு பாட்டம் அழுதாள். செருப்பைப் போட்டாள், கழற்றினாள், உள்ளே ஓடி வந்தாள், பிள்ளைக்கு முத்தம் கொடுத்தாள், மறுபடி செருப்பைப் போட்டாள். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் ஆறரை பஸ் இவளுக்காகவா காத்திருக்கும்? சரியான அழுமூஞ்சி.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். பதினான்கு உத்தரவுகள். பதினோராவது: 'குழந்தையுடன் பேசிக்கொண்டே இருக்கவும்.' என்னத்தைப் பேசுவது? எனக்கும் அதற்கும் பொதுவில் என்ன இருக்கிறது?

பெயர் லியான்ஷிகா. அர்த்தம் என்ன என்று தம்பியிடம் கேட்டேன். "நெட்ல பாத்தோம்க்கா" என்றான். அதுதான் அர்த்தம் போலிருக்கிறது. எங்கள் ஆபீஸ் பதிவேட்டில் இப்படிப் பெயர்களை எழுதி எழுதியே எனக்குக் கை வலி வந்தது. நான் இதை 'அது' என்றே எழுதப்போகிறேன்.

இரவு எட்டேகாலுக்கு வந்தாள். அது தூங்கிவிட்டது.

ஆகஸ்ட் 17, வியாழன்

இரண்டு முறை கக்கியது. இரண்டும் என் மேல்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

காலை 10.40க்கு அது உட்கார்ந்தது. தலையணை அண்டக்கொடுக்காமல், கையை ஊன்றாமல். நான் இருபது எண்ணும் வரை இருந்தது, பிறகு சாய்ந்தது. உலகத்தில் எல்லாப் பிள்ளைகளும் செய்கிற வேலை. ஆனாலும் பெற்றவளுக்குச் சொல்லவேண்டும் அல்லவா, லேபுக்குப் போன் போட்டேன். வீல் என்று ஒரு சத்தம். பக்கத்தில் ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தவன் என்ன ஆனானோ.

எட்டேகாலுக்கு வந்தாள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. தூங்குகிற பிள்ளையை அள்ளி எடுத்து உட்காரவைத்துப் பார்க்கிறாள். படித்தவள்! அது கண்ணைத் திறந்தது, வீட்டை இரண்டாக்கியது. நான் வாங்கி அரை மணி நேரம் தோளில் போட்டு நடந்தேன். அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். குழாய்ச் சத்தத்தில் அழுகை கேட்காது என்று நினைப்பு. ஒரு பிள்ளை உட்கார்ந்ததற்கு ஒரு தொட்டித் தண்ணீர் வீணாயிற்று.

வெளியே வந்து கேட்கிறாள்: "மறுபடி எப்ப மைனி உக்காருவா?"

அதற்கு நான் கால அட்டவணையா வைத்திருக்கிறேன்?

இனி எதையும் சொல்வதாக இல்லை. சொல்லிவிட்டு இந்த அழுகையை யார் கேட்பது.

செப்டம்பர் 3, ஞாயிறு

எங்கள் வீட்டில் பிள்ளை செய்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகாரம் உண்டு. உட்கார்ந்தால் அப்பம், பல் முளைத்தால் பல்லுக் கொழுக்கட்டை, தவழ்ந்தால் தவலை அடை, எழுந்து நின்றால் வடை, நடந்தால் பணியாரம். செய்து தெரு முழுக்கக் கொடுக்கவேண்டும். பிரவீணா இன்று அப்பம் சுட்டாள். வெளியே கருப்பு, உள்ளே மாவு. எதிர்வீட்டுச் சுந்தரவல்லி ஒன்றைக் கடித்துவிட்டு, "எம் பேரன் அஞ்சரை மாசத்துலயே உக்காந்துட்டான்" என்றாள். உட்கார்ந்தான், சரி. அதற்குப் பிறகு அவன் எழுந்ததாகத் தெரியவில்லை. பன்னிரண்டு வயதில் பூசணிக்காய் மாதிரி இருக்கிறான்.

செப்டம்பர் 20, புதன்

என் சுட்டுவிரலைக் கடித்தது. வலித்தது. ஈறைத் தடவினால், கீழ் வரிசையில் நெல்முனை அளவு பல்.

சொல்லவில்லை.

கொஞ்சம் அரிசி மாவு மிச்சம் கிடந்தது. பூச்சி விழுந்துவிடும் என்று தேங்காய்ச் சில்லைப் பல்லாக நறுக்கிப் போட்டு நாலு கொழுக்கட்டை அவித்தேன். எனக்குப் பசி.

செப்டம்பர் 24, ஞாயிறு

"மைனி! மைனி! பல்லு!"

தெருவே கூடிவிட்டது. அழுமூஞ்சி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தன் கையாலேயே கண்டுபிடித்தாளாம். "நாந்தான் மைனி மொதல்ல பாத்தேன், நீங்ககூடப் பாக்கல!" என்கிறாள்.

"ஆமா, நான் கவனிக்கல" என்றேன்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும், பிறந்த தேதியை ஒரு மாதம் முன்னால் போட்டுத் தாருங்கள் என்று காலில் விழுந்தவர்கள் எத்தனை பேர். ஒரு தேதியை மாற்றியிருப்பேனா? இந்த உலகம்மாள் மேஜைக்குப் போனால் எதுவும் நடக்காது என்று ஆபீஸிலேயே பேச்சு. இன்று ஒரு பல்லுக்காகப் பொய் சொல்லிவிட்டேன். கேவலம்.

அக்டோபர் 10, செவ்வாய்

தவழ்ந்தது. காலை 11.25. கூடத்து மூலையிலிருந்து என் மூக்குக்கண்ணாடிக் கூட்டை நோக்கி நாலு கால் பாய்ச்சலில். நான் எட்டுவதற்குள் கூட்டை வாயில் வைத்துவிட்டது. இந்த நோட்டில் எழுதிவிட்டேன், அவளிடம் சொல்லப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளே பார்த்துக் கத்திக்கொள்ளட்டும்.

தவலை அடைக்கு ஒரு கை அரிசி பருப்பு ஊறப்போட்டேன். சும்மாதான்.

அக்டோபர் 22, ஞாயிறு

இரண்டு ஞாயிறு போய்விட்டது. அவள் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பாள்? காலையில் எடுத்து இடுப்பில் வைத்தால் இரவு வரை இறக்குவதில்லை. அதுவும் குரங்குக்குட்டியாக ஒட்டிக்கொள்கிறது. இறக்கினால் காலை மடக்கிக்கொண்டு அலறுகிறது. வாரம் முழுக்க என்னிடம் செய்கிற அட்டகாசம் என்ன, இவளைக் கண்டதும் நடிக்கிற நடிப்பு என்ன.

"கொஞ்சம் கீழ எறக்கி விடேன், பிள்ளை கை கால ஆட்டட்டும்" என்றேன்.

"வாரத்துல ஒரு நாளுதான மைனி இவ எனக்குக் கெடைக்கா" என்றாள்.

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? போய் வெங்காயம் உரித்தேன்.

நவம்பர் 21, செவ்வாய்

கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்றது. காலை 9.15. நின்றுகொண்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. பெரிய சாதனை.

அதன் பிறகும் மூன்று தடவை நின்றது. மூன்றையும் எழுதி வைக்க எனக்கு வேறு வேலை இல்லையா? (10.50, 12.05, 3.30.)

நவம்பர் 30, வியாழன்

குளிப்பாட்டித் துவட்டும்போது என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து "த்தை" என்றது.

அத்தை என்று சொல்ல வரவில்லை. நாக்கு தடிப்பு.

ஐந்து தடவை சொன்னது.

டிசம்பர் 24, ஞாயிறு

ஒருவழியாக இன்று அவள் பார்த்துவிட்டாள். பால்காரருக்குக் கதவு திறக்கக் கீழே விட்டவள் திரும்பினால், பிள்ளை கூடத்தைக் கடந்து நாலு காலில் போய்க்கொண்டிருக்கிறாள். பிரவீணா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாள், அழுகிறாள், இரண்டுக்கும் ஒரே மூஞ்சி.

சாயங்காலம் தவலை அடை. சுந்தரவல்லி வந்து நின்றாள். தட்டை வாங்கிக்கொண்டே, "இப்பத்தான் தவழுதாளா? பத்தரை மாசம் ஆச்சேம்மா. ஒரு நல்ல டாக்டர்ட்ட காட்டிரு" என்றாள்.

பிரவீணா போனை எடுத்தாள். அதில் ஏதோ ஆப் வைத்திருக்கிறாள், எந்த மாதம் பிள்ளை என்ன செய்யவேண்டும் என்று அது பாடம் நடத்தும். எடுத்துப் பார்த்தவள் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கு நாக்கு நுனி வரை வந்தது, அக்டோபர் பத்து, பதினொன்று இருபத்தைந்து என்று. சுந்தரவல்லி முன்னால் சொல்லவேண்டாம் என்று இருந்துவிட்டேன். அவள் போன பிறகும் சொல்லவில்லை. காலையில் பார்த்த சிரிப்பைப் பிடுங்க மனசு வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். தைரியம் வரவில்லை என்பதுதான் சரி.

ஜனவரி 16, செவ்வாய்

பொங்கலுக்குத் தம்பி வந்திருந்தான். மூன்று நாளும் பிள்ளை அப்பன் தோளிலும் அம்மை இடுப்பிலுமாகவே இருந்தாள். நேற்று அவளை நிற்கவைத்துப் பார்த்தான். அவள் காலைத் துவளவிட்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நிப்பாடா, அவசரப்படாத" என்றேன்.

"நீ பாத்தியாக்கா?"

"நிப்பா" என்றேன். பாத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா?

இன்று அவன் ஓசூருக்கும் இவள் லேபுக்கும் போனார்கள். கதவு சாத்திய ஐந்தாவது நிமிஷம் பிள்ளை கட்டிலைப் பிடித்து எழுந்து, சட்டத்தைப் பிடித்தபடியே ஒரு சுற்று வந்தாள். கள்ளி.

பிப்ரவரி 12, திங்கள்

ஒரு வயது. கேக்கில் ஒரு கரடி. கரடியை வெட்டித் தின்றார்கள். எல்லோரும் "நிக்கலையா, நிக்கலையா" என்று கேட்டார்கள், ஏதோ இவர்கள் வீட்டுக் கூரையை அவள்தான் தாங்கப்போகிறாள் என்பதுபோல.

பிப்ரவரி 17, சனி

பிரவீணா அரை நாள் லீவு போட்டு, தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் போகவில்லை. ஏழு மணிக்குத் திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

குழந்தை டாக்டர் கேட்டாராம்: எப்போது தவழ்ந்தாள்? டிசம்பர் கடைசியில். பிடித்து நிற்கிறாளா? இல்லை. வார்த்தை ஏதாவது? இல்லை. மேஜையில் நிறுத்தினால் காலை மடக்கிக்கொண்டு அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டாளாம். மதுரையில் நரம்பு டாக்டருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை மதியம். மயக்கம் கொடுத்துத் தலையை ஸ்கேன் எடுக்கவேண்டி வரலாம் என்று சொன்னாராம்.

"பத்து வருசமா அடுத்தவுக பிள்ளைகளுக்கு ஊசி குத்துதேன் மைனி. எம் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியல. நான் வீட்ல இல்ல. அதான் இப்படி ஆயிட்டா" என்றாள்.

லேப்டாப்பைத் திறந்து வேலையை விடுகிற கடிதத்தை அடித்தாள். தம்பி போனில், "விட்ரு, விட்ரு" என்கிறான். ஓசூரிலிருந்து சொல்ல எவ்வளவு சுலபம். ஒரு மாதம் நீ லீவு போடேன் என்று கேட்டால் தெரியும்.

நான் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் பிள்ளைக்கு ஊசிக் காய்ச்சல். துவண்டு கிடந்தாள். நிற்கவைத்துக் காட்டலாம் என்று நினைத்திருந்தேன், அதற்கு வழியில்லை. எட்டு மணிக்குப் பிரவீணாவிடம் போய், "பிள்ளை நிக்கா. நான் பாத்திருக்கேன்" என்றேன்.

தலையைத் தூக்கினாள். "எப்ப?"

"நவம்பர்லயே."

 பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஆறுதலாச் சொல்லுதீங்க, தெரியுது மைனி. நெசமா நின்னுருந்தா அன்னைக்கே சொல்லிருப்பீங்க. நீங்க ஒரு தேதிய மறைப்பீங்களா?" என்றாள்.

முப்பத்திரண்டு வருஷம் சம்பாதித்த பெயர் இப்படி எனக்கே எதிராக வந்து நின்றது.

உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளில் எல்லாத் தேதியையும் மணியோடு எழுதினேன். பல், தவழ்ந்தது, நின்றது. கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். எல்லாம் ஒரே பேனா, ஒரே மை, காயக்கூட இல்லை. மடித்துத் தலையணைக்கடியில் வைத்தாள். பெரியவள் மனசு நோகக்கூடாது என்று வைத்தாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. தனித்தாளில் தேதி எழுதிக்கொண்டு வந்து நின்ற எத்தனை பேரை நான் விரட்டியிருக்கிறேன். 'பின்னால் எழுதியது செல்லாது, அன்றைக்கே எழுதிய மூலப் பதிவு எங்கே?' என்று கேட்பேன். மூலப் பதிவு இந்த நோட்டுதான். இதில் பிள்ளை தவழ்ந்ததும் இருக்கிறது, பெற்றவளை அழுமூஞ்சி என்று எழுதியதும் இருக்கிறது, அவள் சுட்ட அப்பமும் இருக்கிறது. கிழித்துக் கொடுக்கலாமா என்று பார்த்தேன். பக்கம் குறைந்த பதிவேட்டையும் நான் ஏற்றுக்கொண்டதில்லை.

பதினோரு மணிக்கு முழு நோட்டையும் அவள் மடியில் வைத்தேன். "படி. திட்டியிருக்கேன். தேதி எல்லாம் சரி" என்றேன். அடுக்களைக்குள் போய்விட்டேன்.

அரிசி களைந்தேன். களைந்ததையே மறுபடி களைந்தேன். கூடத்தில் தாள் புரளுகிற சத்தம். ஒரு இடத்தில் நின்றது. வெகு நேரம் நின்றது.  இந்த வயதில் ஒரு முப்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு இப்படிப் பயந்து நிற்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஒரு மணிக்கு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"நாளைக்கு மதுரைக்குப் போறதுக்கு முன்ன இங்க டாக்டரப் பாக்கணும். நீங்களும் வரணும்" என்றாள். மைனி என்று கூப்பிடவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

டாக்டர் வயதில் சின்னவர். நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தார். நடுவில் சிரித்தார். எந்த இடம் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

காய்ச்சல் விட்டுவிட்டது. பிள்ளை பிரவீணா கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுத்தாள். டாக்டர் யோசித்துவிட்டு, "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார்.

பிரவீணா பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாள். கதவைச் சாத்தவில்லை, ஒரு விரல் அகலம் விட்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் அழுதாள் பிள்ளை. தரையில் விட்டேன். நான் ஸ்டூலுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு, "என்னட்டி, இங்க வந்து நடிக்கியா?" என்றேன். தினமும் கேட்கிற கேள்விதான். நாலு காலில் வந்தாள். ஸ்டூலைப் பிடித்தாள். எழுந்து நின்றாள். என் மூக்கைப் பிடித்து இழுத்து "த்தை" என்றாள்.

டாக்டர் முழங்கால், பாதம் எல்லாம் தட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றார். மதுரைக்குப் போகவேண்டாம், ஸ்கேனும் வேண்டாம், இரண்டு மாதம் கழித்து வாருங்கள் என்றார். "அம்மா வேலைய விடுறதுக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல" என்றும் சொன்னார். அதை வெளியே நின்றவளுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார்.

கதவிடுக்கில் ஒரு கண் தெரிந்தது. அவ்வளவுதான் அவள் பார்த்தது.

 வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"அழுமூஞ்சின்னு எழுதினது நெசந்தான். நான் அழுவேன். அப்பம் வேகலன்னு எழுதினதும் நெசந்தான். அதெல்லாம் போகட்டும் மைனி. ரெண்டரை மாசம் எம் பிள்ள இந்த வீட்ல தவழ்ந்துருக்கா. எனக்குத் தெரியாது. நான் பஸ்ல ஒக்காந்து, இன்னைக்காவது தவழ்வாளான்னு வேண்டிக்கிட்டுப் போயிருக்கேன்."

நான் தொட்டில் கயிற்றைப் பிடித்து ஆட்டினேன்.

"நான் அழக்கூடாதுன்னு மறைச்சீங்க, சரி. 'த்தை'ன்னு சொன்னத ஏன் மறைச்சீங்க?"

அதற்குப் பதில் இருந்தது. இத்தனை வருஷமும் ஊரார் பிள்ளைகளைப் பெயர் எழுதி வழியனுப்பியவளை ஒரு பிள்ளை கன்னத்தைப் பிடித்துக் கூப்பிட்டது. அதை யாருக்கும் பங்கு வைக்க எனக்கு இஷ்டமில்லை. அது அவளுக்காக மறைத்தது அல்ல, எனக்காக. இதைச் சொன்னேன். இப்படிக் கோர்வையாகச் சொல்லவில்லை, உளறினேன்.

அவள் கேட்டுக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "இனிமே எது செஞ்சாலும் அந்த நிமிசமே போன் பண்ணணும். நான் அழுதா அழுதுட்டுப் போறேன். அழுறது எம் பாடு. நீங்க பாத்து மிச்சம் வச்சத நான் மொதல்ல பாத்ததா நெனைச்சுக் கூத்தடிக்கிறது எனக்கு வேண்டாம்" என்றாள்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். வேலையை விடுகிற கடிதத்தை அழித்துவிட்டாள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

மூன்று மாதம் பிந்தி வடை. அவளே சுட்டாள், ஓட்டை எது வடை எது என்று தெரியவில்லை. சுந்தரவல்லி தட்டைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் நிக்காளா?" என்று ஆரம்பித்தாள்.

"நவம்பர் இருவத்தொண்ணு, காலைல ஒம்பதே கால்" என்றாள் பிரவீணா. "எங்க மைனி எழுதி வச்சிருக்காவ. பாக்கணுமா?"

சுந்தரவல்லி அரை வடையோடு போய்விட்டாள்.

என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறாள்.

மார்ச் 5, செவ்வாய்

பிள்ளை கட்டில் சட்டத்தை விட்டாள். நான் அரிசி புடைத்துக்கொண்டு கூடத்தின் இந்தக் கோடியில் இருந்தேன். முறத்தைக் கீழே வைக்கக்கூட நேரம் இல்லை. ஐந்து அடி வைத்து வந்து முறத்தின் மேலேயே விழுந்தாள். அரிசி நாலா பக்கமும் சிதறிக் கிடக்க அவள் சிரிக்கிறாள். அள்ளுவதற்கு முன்னால் போனை எடுத்தேன்.

வேறு யாரோ ஒரு பெண் எடுத்தாள். பிரவீணா ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறாள், பிறகு கூப்பிடுங்கள் என்றாள். "இப்பவே கூப்பிடு, இல்லாட்டி பஸ் ஏறி வந்துருவேன்" என்றேன். ஓடினாள்.

"மைனி?"

"நடந்துட்டா. அஞ்சு அடி."

 வீல் என்று கத்துவாள் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தேன். கத்தவில்லை. பின்னால் யாரோ டோக்கன் எண் கூப்பிடுகிறார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

பிறகு கேட்டாள்: "யாரப் பாத்து நடந்தா மைனி?"

முறத்தைப் பார்த்து என்று சொல்லியிருக்கலாம். வாசலைப் பார்த்து, நீ போன திசையைப் பார்த்து என்றுகூடச் சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். நாள் முழுக்க அதை வைத்துக்கொண்டு ஓட்டியிருப்பாள்.

"என்னைப் பாத்து" என்றேன்.

அழுதாள். இந்தத் தடவை குழாய் இல்லை, நான் முழுவதையும் கேட்டேன். போனை வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மணி என்ன?" என்றாள்.

"பதினொண்ணு பத்து."

"எழுதிக்கிடுங்க. உங்களைப் பாத்துன்னும் எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன்.